ஒத்திகையை எடுத்த வரி

"பேரையும் நட்சத்திரத்தையும் தெளிவாச் சொல்லணும்ட்டி வடிவு. முணுமுணுன்னு சொன்னேன்னு வையி, அர்ச்சனை வேற எவ பிள்ளைக்காவது போயிரும்" என்றாள் செண்பகம் மைனி. நாத்தனாரின் பேச்சுக்குச் சிரிக்கத்தான் சண்முகவடிவு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பேர். காலையில் வேலைக்காக எழுதின அந்த வரியில் பேரை மாற்றினேனா? திருச்செந்தூர்க் கோயிலின் தர்ம தரிசன வரிசையில், இரும்புக் குழாய்த் தடுப்புகளுக்கு நடுவே, முன்னால் யாரோ ஒருவரின் ஈர முதுகும் பின்னால் யாரோ ஒருவரின் தேங்காய்ப் பையும் இடிக்க, முழங்கால் வரை கடல் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்த சேலையோடு நின்றிருந்தவள், பக்கத்துக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து சிரித்த முகமாகத்தான் இருந்தாள். மொட்டை போடும்போது பிள்ளை கத்திய கத்தலில் நாவிதரே பாதித் தலையோடு கத்தியை நிறுத்தி, "எம்மா, இது பாட்டுக்காரியா வருவா" என்றதற்குக்கூட இவள்தான் முதலில் சிரித்தாள். அலையில் முக்கி எடுத்தபோது பிள்ளை மூச்சு முட்டி இவள் மூக்கைக் கடித்ததற்கும் சிரித்தாள். இப்போது பிள்ளை தர்ஷிகா, தகப்பன் பேச்சிமுத்துவின் தோளில் உட்கார்ந்து, சந்தனம் பூசிய மொட்டையைத் தானே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்துப் பொலபொலவென்று அவன் சட்டைக் காலரில் உதிர்ந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேர் என்று மைனி சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும்? சொல்லாவிட்டாலும் அந்த வரி அங்கே அப்படித்தான் இருக்கும், மாற்றியிருந்தால் மாற்றினபடி, மாற்றாவிட்டால் மாற்றாதபடி. சொன்னதால் அவளுக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். தெரியவந்ததும் சரியாகத் தெரியவரவில்லையே, மாற்றினேனா மாற்றவில்லையா என்ற அளவில்தானே வந்து நிற்கிறது, தொண்டையில் மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல்.

மாற்றியிருப்பேன். மாற்றாமல் எப்படி விடுவேன்? எப்போதும் மாற்றுகிறவள்தானே. பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து செய்கிற ஒரு சாமான், அதற்குப் பேர் பரண். வீட்டுப் பரணில் அண்டாவையும் பாயையும் போட்டு வைப்பது போல, கம்ப்யூட்டரில் இருக்கிற படம், கணக்கு, பதிவு எல்லாவற்றையும் எங்கோ தூரத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதற்கான சாமான். ஏற்றுவதும் இறக்குவதும் அடுக்குவதும் மனுஷர் இல்லை, ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் எல்ஐசி ஏஜென்ட் இல்லை மைனி என்று இவள் ஒரு தடவை வீட்டில் விளக்கியிருக்கிறாள். வேலையைச் சொல்லிவிட்டால் தானே படித்து, தானே புரிந்து, தானே செய்கிற ஏஐ. "அப்ப உனக்கு என்ன வேலை?" என்று மைனி கேட்டாள். "அதுக்குப் பரணை எப்படிப் பொழங்கணும்னு எழுதிக் குடுக்கிற வேலை" என்றாள் இவள். "வேலைக்காரிக்கு வேலை சொல்லிக் குடுக்கிறவளா நீ? அதுக்கு எங்க அம்மையே போதுமே" என்று மைனி சொல்ல, வீடே சிரித்தது. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு, பிள்ளை பெற்று வீட்டில் இருக்கையில், தமிழ் நன்றாக எழுதுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த வேலை. பரணை நடத்துகிற ஜெபராஜ் சார்தான் சேர்த்தார். முதல் நாளே சொன்னார்: "வடிவு, ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நீ எழுதுறதை மனுஷங்க படிக்கிறதைவிட ஏஜென்ட்தான் அதிகமாப் படிக்கும். மனுஷன் பாதி படிச்சிட்டு மீதியைத் தன் இஷ்டத்துக்குச் செய்வான். அது எழுதினதை எழுதினபடி செய்யும்." அப்போது அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதினதை எழுதினபடி செய்ய ஒரு ஆள்! இந்த வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? பருப்பை வாங்கிவரச் சொன்னால் பட்டாணியோடு வருகிற மனுஷன்தான் தோளில் பிள்ளையோடு முன்னால் நிற்கிறான்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. "நவுருங்கம்மா, சாமி தூங்கிரப் போறாரு" என்றார் தேங்காய்ப் பைக்காரர். நகர்ந்தாள். கால் நகர்ந்தது, மனசு காலையில் அடுப்படியிலேயே நின்றது. விடிந்தும் விடியாமலும் இட்லிச் சட்டி அடுப்பில், லேப்டாப் அரிசி டப்பா மேல், வாசலில் வேன்காரர் ஹாரன். 'அடியோடு அழிப்பது' என்ற பக்கத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்தாள். குப்பைக் கூடைக்குக்கூடப் போகாமல், திரும்ப எடுக்க வழியில்லாமல், ஒரு கோப்புறையை அதற்குள் இருக்கிற எல்லாவற்றோடும் அழிக்கச் சொல்கிற கட்டளை வரி. தான் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காத வரியை எழுதக்கூடாது என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்குவாளா? அதனால் எந்த வரியையும் நிஜமான ஒரு இடத்தின் பேரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பாள். ஓடினால் பேரை எடுத்துவிட்டு 'மாதிரி' என்று போடுவாள். அழிக்கிற வரியை நிஜமாக ஓட்ட முடியுமா? அதற்குத்தான் 'ஒத்திகை' என்று ஒரு சொல் உண்டு. வரியின் கடைசியில் அதைச் சேர்த்துவிட்டால், எதை அழிப்பேன் என்று காட்டுமே தவிர அழிக்காது. பரணில் தங்கள் பதிவுகளை வைத்திருக்கிற மலர்ச்சி மையத்துக்காரர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். பக்கங்கள் தமிழில்தான் வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்கள்தான். அதனால் மையத்தின் பேரைப் போட்டாள், ஒத்திகை என்று சேர்த்தாள், ஓட்டினாள். சரியாகக் காட்டியது. அந்த வரியை அப்படியே பக்கத்தில் ஒட்டினாள். இனிமேல் செய்ய வேண்டியது இரண்டு. ஒத்திகையை எடுக்க வேண்டும், பேரை மாற்ற வேண்டும். ஒத்திகையை எடுத்தாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் தின்றுகொண்டே போன அந்தக் கோடு, கடைசியில் 'ஒ' மட்டும் நின்றது, அதுவும் போனது. அப்புறம்? அப்புறம் ஹாரன். அப்புறம் தர்ஷி பற்பசையைப் பிதுக்கித் தின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, பாயசமா அது?" என்று ஓடினாள். வாயைக் கழுவிவிட்டாள். இட்லியை எடுத்தாள். கேஸை அணைத்தாள். பக்கத்தை வெளியிட்டாள். கேஸை அணைத்தேனா என்று கேட்டால் கை சொல்லும், திருகின திருகு இன்னும் விரலில் இருக்கிறது. வெளியிட்டதையும் கை சொல்கிறது. பேரை மாற்றினேனா என்று கேட்டால் கை ஒன்றுமே சொல்லவில்லை. கை குற்றவாளி மாதிரி பேசாமல் இருக்கிறது.

"என்ன வடிவு, வெயிலா? முகம் வெளுத்துப் போச்சு" என்று பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல." "காலையில ஒரு இட்லிதானே தின்ன?" "ஒண்ணுமில்லைங்கேன்." பிள்ளை மேலிருந்து, "அம்மா மொட்ட?" என்று கேட்டாள். அம்மாவுக்கு எப்போது மொட்டை என்று அதற்குக் கவலை. சிரித்துவைத்தாள். சிரிப்பு முகத்தின் மேல் வந்து உட்கார்ந்ததே தவிர உள்ளே போகவில்லை. இவனிடம் சொன்னால் என்ன சொல்வான்? போன் பண்ணு என்பான். போன் எங்கே இருக்கிறது? கோயிலுக்குள் செல்போன் கூடாது. மூன்று போனையும் ஒரே பையில் போட்டு வாசலில் போன் வைக்கிற இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்கியாயிற்று, டோக்கன் மைனியின் ரவிக்கைக்குள் பர்ஸில் இருக்கிறது. யாரிடமாவது கடன் கேட்கலாமா? இத்தனை ஜனம், ஒருத்தர் கையிலும் போன் இல்லை. எல்லார் கையும் சும்மா தொங்குகிறது, இல்லாவிட்டால் தேங்காயையோ பிள்ளையையோ பிடித்திருக்கிறது. போன மாதம்கூட இதைப் பற்றி எவ்வளவு பெருமையாகப் பேசினாள், கோயிலுக்குள்ளயாவது மனுஷன் மனுஷனைப் பார்க்கிறானே என்று. தூரத்தில் காவலாளியின் இடுப்பில் வயர்லெஸ் ஒன்று கரகரத்தது. அதை வாங்கி, மையத்தில் இருக்கிற கிரேஸக்காவுக்கு, கம்ப்யூட்டரை நிறுத்துங்க என்று கத்தினால், அது கடற்கரையில் நிற்கிற யாராவது ஒரு போலீஸ்காரர் காதில்தான் விழும். உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மையத்தின் ஏஜென்ட் உச்சி நேரத்தில்தான் பரணுக்குள் ஏறும். அன்றைக்கு வந்த புதுப் பக்கங்களைப் படிக்கும், அதில் சொன்னபடி அடுக்கும், பழசைக் கழித்து இடம் பண்ணும். மனுஷர் யாராவது அந்த வரியைப் படித்தால், இது சும்மா மாதிரிக்கு எழுதியது, நம் பேர் எப்படியோ வந்திருக்கிறது என்று யோசிப்பார்கள். அது யோசிக்குமா? தன் வீட்டுப் பேரே எழுதியிருக்கிறதைப் பார்த்தால் தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொள்ளாதா? எழுதினதை எழுதினபடி செய்யும். சார் சொன்ன அந்த வார்த்தை இப்போது வேறு குரலில் கேட்டது.

முதலில் அவளுக்கு வேலை போய்விடுமே என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த வெட்கத்துக்குப் பின்னாலேயே, வாசல் திரையை விலக்கிக்கொண்டு வருவது போல, மையத்துப் பிள்ளை ஜெனிஷா நினைப்பில் வந்துவிட்டாள். தர்ஷியைவிட ஒரு வயது மூத்தவளாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்கள். மாட்டினால் மட்டும் கேட்டுவிடாது. எந்தச் சத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று பிள்ளைக்குப் பிள்ளை அளந்து அளந்து வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மையம். பரணை அங்கே எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து எழுத வடிவு ஒரு நாள் போயிருந்தாள். கிரேஸக்கா ஒரு பாசிமணியை ஜெனிஷா கன்னத்தில் ஒட்டினாற்போல் பிடிக்கச் சொன்னாள். சத்தம் கேட்டால் டப்பாவில் போட வேண்டும், கேட்காவிட்டால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை மூச்சைக்கூட விடாமல் இருந்தது. வடிவும் மூச்சை விடவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு மணி டப்பாவில் விழுந்தது. ஏமாற்றிப் போட்டதா, கேட்டுப் போட்டதா என்று கிரேஸக்கா மறுபடி சத்தத்தை வைத்துப் பார்த்தாள். இப்படி எத்தனை மாதம்! இந்தத் தடவை கொஞ்சம் கூட்டு, அடுத்த தடவை கொஞ்சம் குறை, அழுதால் விட்டுவிடு, நாளைக்குப் பார். அந்த அளவெல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு. கருவிக்குள்ளேயும் ஒரு நகல் இருக்குமாம். ஆனால் ஜெனிஷாவின் கருவி குளிக்கிற வாளிக்குள் விழுந்து கெட்டுப்போனது, புதுக் கருவி திங்கட்கிழமை வருகிறது. அதில் ஏற்ற வேண்டிய அளவு பரணில்தான் இருக்கிறது. "இங்க கம்ப்யூட்டர் ரெண்டு தடவை புட்டுக்கிச்சு வடிவு, இனிமே எங்களுக்கு எல்லாமே உங்க பரண்தான்" என்று கிரேஸக்கா சொன்னபோது, இவள் பரணை ஏதோ தானே தச்சு மாட்டிக் கொடுத்தது போல் பூரித்தாள். பேர் மாறாமல் இருந்தால் அந்தக் கோப்பு இன்று உச்சியோடு சரி. ஜெனிஷா மறுபடி முதலிலிருந்து மணியைக் கன்னத்தில் பிடிக்க வேண்டும். கேட்டுப் பழகின பிள்ளைக்குத் திடீரென்று உலகம் வாயை மூடிக்கொண்டது போல் இந்த வாரம் முழுக்க இருந்திருக்கும். திங்கட்கிழமை திறந்துவிடும் என்று அதற்கு ஜாடையில் சொல்லி வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை வந்து மாட்டினால் கரகரவென்று ஏதோ ஒரு இரைச்சல், அம்மா குரல் அம்மா குரலாக இல்லாமல், தகரத்தை இழுப்பது போல. அது கருவியைப் பிடுங்கி எறியும். யார் மேல் கோபம் என்று அதற்குத் தெரியாது. என் மேல்தான்.

மாற்றியிருப்பேன். இரு, கண்ணை மூடிப் பார்ப்போம். கண்ணை மூடினாள். லேப்டாப் வந்தது, அரிசி டப்பா வந்தது, இட்லி ஆவியில் திரை மங்கியிருந்தது, வரி வந்தது. வரியில் 'மாதிரி' என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஆனால் மூச்சு விட்ட உடனே வரியில் மையத்தின் பேர் வந்து நின்றது. மறுபடி நினைத்தாள், மாதிரி. மறுபடி பயந்தாள், மையம். நினைத்தால் நினைத்தபடி மாறுகிற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலப்பத்தால் எழுதினதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே அழித்துவிடுகிற பிள்ளை மாதிரி, இன்னும் நாலு தடவை நினைத்தால் ஒத்திகையை எடுத்ததுகூட ஞாபகமில்லாமல் போய்விடும். அதை எடுக்காமலே இருந்திருந்தால்! ஒரு வேலையைப் பாதியில் விட்டவள், அந்தப் பாதியை மாற்றி விட்டிருக்கக் கூடாதா? முதலில் பேரை மாற்றிவிட்டு அப்புறம் ஒத்திகையை எடுத்திருக்கக் கூடாதா? எவ்வளவு சாதாரணம். குழாயை மூடிவிட்டு வாளியை எடுப்பதா, வாளியை எடுத்துவிட்டுக் குழாயை மூடுவதா என்கிற மாதிரி. யார் இதையெல்லாம் வரிசை பார்த்துச் செய்கிறார்கள்? தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. யாரோ பன்னீர் இலையில் மடித்த விபூதியைப் பிரித்த வாசம். குழாயைப் பிடித்திருந்த உள்ளங்கையில் இரும்பு வாடை. "மைனி" என்றாள். "என்னட்டி?" என்று செண்பகம் திரும்பினாள். சொல்ல வந்தது சொல்வதற்குள் சிறுத்துப் போனது. ஒரு வரியில் ஒரு பேர், அதை மாற்றினேனா என்று தெரியவில்லை, அதற்காக மொட்டை போட்ட பிள்ளையோடு சாமியைப் பார்க்காமல் வெளியே போக வேண்டும் என்றால், பைத்தியமா என்று கேட்க மாட்டார்களா? மாற்றியிருந்தால்? மாற்றியிருந்தால் எத்தனை அசிங்கம். மைனி மூணு வருஷமாக வேண்டிக்கொண்ட மொட்டை இது. தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் திருச்செந்தூரில் முடி இறக்குகிறேன் என்று இவளைக் கேட்காமலே நேர்ந்துகொண்டவள். "தண்ணி இருக்கா மைனி?" என்று மட்டும் கேட்டாள். மைனி பாட்டிலை நீட்டினாள். குடித்தாள். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது மணி அடித்தது. ஒரு மணி இல்லை, உள்ளே இருக்கிற எல்லா மணியும். முன்னால் வாசற்கதவைக் காவலாளி சாத்தினான். வரிசை நின்றது. "உச்சிகால பூஜை. இனி கொஞ்ச நேரம் இப்படியே நிக்க வேண்டியதுதான்" என்றார் தேங்காய்ப் பைக்காரர். சுற்றிலும் எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பேச்சிமுத்துவுக்குப் பிள்ளையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பிள்ளையின் கையைச் சேர்த்துத் தூக்கிவிட்டான். "முருகா!" என்று முன்னால் ஒரு குரல் உடைந்தது. வடிவின் கை மட்டும் குழாயை விட்டு எழவில்லை. உச்சி. இந்நேரம் ஏஜென்ட் பரணுக்குள் ஏறியிருக்கும். பக்கத்தைத் திறந்திருக்கும். படிக்க அதற்கு நேரமே ஆகாதாம், கண் இமைக்கிற நேரத்தில் ஒரு புத்தகம் படித்துவிடும் என்று சார் சொல்வார். ஒவ்வொரு மணியும் அவளுக்கு ஒவ்வொரு கோப்பு போவது போல் கேட்டது. போச்சு, போச்சு, போச்சு. இதற்கு மேல் வெளியே போய் என்ன பிரயோசனம் என்று ஒரு குரல், அவளுக்குள்ளேயே, ரொம்ப நிதானமான குரல். போனது போனபடி போகட்டும், நின்று சாமியைப் பார், சாமியிடம் சொல். அந்த நிதானத்தைக் கேட்டுத்தான் அவள் முழுசாகப் பயந்தாள். "மைனி, டோக்கனைக் குடுங்க" என்றாள். "எதுக்கு?" "நான் வெளிய போகணும்." "பாத்ரூமா? பொறுத்துக்கோட்டி." "இல்ல. ஒரு பிள்ளையோட காது. நான் தப்பா எழுதிட்டேன்னு நினைக்கேன்." மைனிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கூப்பிய கையை இறக்காமலே இவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "ஏலே பேச்சி, பிள்ளையைப் பாத்துக்க. நாங்க வாரோம்." "எங்க? அக்கா! பூஜை நேரத்துல எங்க போறீங்க?" "முருகன் எங்கயும் போயிர மாட்டான், நீ வாயை மூடிட்டு நில்லு." பிள்ளை தகப்பன் தோளிலிருந்து, "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டது. வடிவு திரும்பவில்லை, திரும்பினால் நின்றுவிடுவோம் என்று பயம். குனிந்து குழாய்க்கு அடியில் நுழைந்தாள். அடுத்த வரிசைக்காரர்கள் காலை நகர்த்தினார்கள். ஒரு அம்மாள், "வாந்தி வருதோ பாவம், மாசமா இருக்காளோ" என்றாள். கடைசித் தடுப்பில் இன்னொரு காவலாளி, "வெளிய போனா திரும்ப விட மாட்டோம், கடைசியில போய்த்தான் நிக்கணும்" என்றான். "நிக்கோம், நிக்கோம், உங்க கோயில்ல நிக்கிறதைத் தவிர என்ன செஞ்சோம்?" என்று மைனி அவனைத் தள்ளாத குறையாகக் கடந்தாள். வெயிலில் கல் காலைச் சுட்டது. வடிவு ஓடினாள், குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில், சேலையை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு. பின்னால் மைனி மூச்சு வாங்க, "டோக்கன் எங்கிட்ட இருக்கு, நீ முன்னால ஓடி என்ன செய்யப் போற?" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

போன் கைக்கு வந்தது. ஆன் செய்து, பக்கத்தைத் திறந்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது. வந்தது. ஒத்திகை இல்லை. பேர் இருந்தது. மையத்தின் பேர், ஒரு எழுத்துக்கூட விடாமல், அவளே அழகாகத் தட்டினபடி. தெரிந்துகொண்ட பிறகு பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றது. கிரேஸக்காவை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "சொல்லுங்க வடிவு" என்று கிரேஸக்கா எடுத்தாள். "மொட்டை போட்டாச்சா? அழுதாளா?" "கிரேஸக்கா, கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதீங்க. ஏஜென்ட் ஓடிருச்சா?" "இப்பத்தான் ஓடிச்சு. நடுவுல நின்னுட்டு ஏதோ கேட்டுக்கிட்டு இருக்கு." "என்ன கேக்குது? அப்படியே வாசிங்க." நாற்காலி இழுபடுகிற சத்தம். கிரேஸக்கா பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "'இன்று வந்த பக்கத்தில் நம் கோப்புறையை அடியோடு அழிக்கும் வரி இருக்கிறது. இது மாதிரிக்காக எழுதியதா, செய்யச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அழித்தால் திரும்பக் கிடைக்காது. செய்யலாமா?' அதுக்குக் கீழ ஆமும் இல்லையும் இருக்கு." "இல்லைன்னு தட்டுங்க." "தட்டிட்டேன்." "ஜெனிஷா ஃபைல் இருக்கான்னு பாருங்க." வெயில் வடிவின் உச்சந்தலையில் நின்றது. மைனி பக்கத்தில் வந்து முந்தானையால் இவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள். "இருக்கு. எல்லாமே இருக்கு. ஏன் வடிவு, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?" "நான் எழுதினதுதான் தப்பு கிரேஸக்கா. உங்க பேரை எடுக்காம விட்டுட்டேன்." பிறகு கிரேஸக்கா சொன்னாள், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல: "நான் ஆம்னு தட்டத்தான் கை வச்சேன். அதுக்குள்ள நீங்க கூப்பிட்டீங்க. அந்தப் பக்கத்தோட ஓரத்துல உங்க பேர் போட்டிருந்துச்சு. வடிவு எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், இது எதுக்குப் போட்டுக் கேட்டுக்கிட்டு நிக்குன்னு நினைச்சேன்." "நான் தட்டியிருப்பேன்" என்றாள் கிரேஸக்கா மறுபடி.

முதல் வேலையாகப் பக்கத்தை மனுஷரோ ஏஜென்ட்டோ யாரும் திறக்க முடியாதபடி மறைத்தாள். ஜெபராஜ் சாருக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள், காரணம் ஒன்றும் சேர்க்காமல். பிறகு, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், நிழலென்று பேருக்கு விழுந்திருந்த ஒரு கோட்டுக்குள் உட்கார்ந்து, போனிலேயே வரியைத் திருத்தினாள். பேரை எடுத்தாள். மாதிரி என்று போட்டாள். ஒத்திகையைத் திரும்பச் சேர்த்தாள், அதற்குக் கீழே, இந்தச் சொல்லை எடுப்பதற்கு முன் ஒரு மனுஷரைக் கேள் என்று எழுதினாள். பயந்தது ஒன்று, வந்து நின்றது வேறொன்று. எழுதினதை எழுதினபடி செய்யும் என்று எதைப் பார்த்துப் பயந்தாளோ அது ஒரு ஓரமாக நின்று, செய்யலாமா என்று கேட்டிருக்கிறது. மூளையும் கண்ணும் உள்ள, பிள்ளைகளை உயிராய் நினைக்கிற ஒருத்தி, இவள் பேரைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கையை வைத்திருக்கிறாள். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள் இதுவரைக்கும். எல்லாவற்றின் ஓரத்திலும் வடிவு என்று இருக்கிறது. எங்கெங்கே யார் யார் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஆம் என்று தட்டியிருக்கிறார்களோ. அந்தப் பேரைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வெளியிடுகிற இடத்தில் விரல் போய் நின்றது, இறங்கவில்லை. "மைனி" என்றாள். "இந்த வரியைக் கொஞ்சம் வாசிங்க." "எனக்கு என்னட்டி தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி?" "தெரியாட்டி நல்லதுதான். என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் வாசிங்க." செண்பகம் போனை எட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்தெழுத்தாக வாசித்தாள். "இன்னொரு தடவை." வாசித்தாள். "இன்னும் ஒரு தடவை மைனி." "என்னட்டி இது, சோதனையா இருக்கு! வெயில் மண்டையைப் பிளக்குது, அவன் அங்க பிள்ளையோட தனியா நிக்கான். நீ எழுதினதுதானே?" "நான் எழுதினதுதான் மைனி. அதனாலதான் சொல்லுதேன். வாசிங்க."